இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார்கள்

சென்ற ஆண்டு ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், பதினொரு மணிக்கு மேல், என் மகள் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து வலது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சத்தம் போடாமல், மூச்சை இழுத்து இழுத்து, தலையணையில் முகத்தைத் தேய்த்தபடி அழுதாள். கைப்பேசி வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கீழ்வரிசையில் வலப்பக்கக் கடைசிப் பல்லில், பல மாதங்களாக நான் பார்த்துப் பழகியிருந்த ஒரு பழுப்புப் புள்ளி, இப்போது சோற்றுப் பருக்கை போய் உட்காரும் அளவுக்குக் குழியாகியிருந்தது. அந்தப் புள்ளியை ஏறத்தாழ ஒரு வருடமாகவே பார்த்துக்கொண்டிருந்தும் நான் பேசாமல் இருந்தேன். எங்கள் ஊர்ப்பக்கத்து அம்மாக்கள் பலரும் இதே தவறைச் செய்துகொண்டிருக்கக்கூடும் என்பதால் அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

தருமபுரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் கறை என்பது புதிதல்ல. என் மாமியாருக்குப் பென்னாகரம் பக்கம். அவருடைய முன்பற்கள் அத்தனையிலும் காவி நிறக் கோடுகள் உண்டு. அவருடைய அண்ணன் தம்பிகளுக்கும் அப்படித்தான். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதால் வருவது அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கும் அளவை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் எத்தனையோ ஊர்க் கிணறுகள் தாண்டியிருந்தன. அதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் காவிரி நீர் குழாயில் வரத் தொடங்கியது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் கறைப் பல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பழுப்பாக எதைக் கண்டாலும் ‘தண்ணிக் கறை’ என்றே தோன்றுகிறது. என் மகளின் பல்லில் புள்ளியைக் கண்டபோது வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொன்னோம்.

பின்னால் எங்களுக்குக் கிடைத்த மருத்துவர் இந்த வேறுபாட்டைப் பொறுமையாக விளக்கினார். நீரால் வரும் கறை பெரும்பாலும் விழுந்து முளைக்கும் நிலைப் பற்களில்தான் தெரியும். பால் பற்களில் அது குறைவு. அது ஒரே ஒரு பல்லில் வராது. இடப்பக்கத்தில் எப்படியோ வலப்பக்கத்திலும் அப்படியே, இணை இணையாக வரும். சொத்தையோ ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டு, அதன் மேற்புறப் பள்ளத்திலோ இரண்டு பற்கள் உரசும் இடத்திலோ தொடங்கி, நாளுக்கு நாள் ஆழமாகும். ஆகவே நான்கு வயதுக் குழந்தையின் கடைவாய்ப் பல்லில் தனியாக ஒரு பழுப்புப் புள்ளியைக் கண்டால், அதைத் தண்ணீரின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

புள்ளியைப் பார்த்தும் நான் அசையாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘விழுந்து முளைக்கிற பல்லுதானே, அதுக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு அலையணுமா’ என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னபோது, அது எனக்கும் நியாயமாகவே பட்டது. முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்துவிடும் என்பது உண்மைதான். கடைவாய்ப் பால் பற்களோ பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. ஐந்து வயதில் சொத்தையான பல்லோடு இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் அந்தக் குழந்தை மென்று தின்ன வேண்டும். அதை முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்து, பின்னால் வர வேண்டிய பல்லுக்கு வழியில்லாமல் போகும். இதெல்லாம் எனக்கு அந்த இரவுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அன்றிரவு நான் செய்தது, பஞ்சில் கிராம்புத் தைலத்தை நனைத்து அந்தக் குழியில் வைத்தது. கை நடுங்கியதில் தைலம் நாக்கிலும் ஈறிலும் வழிந்து எரிந்திருக்கிறது. அவள் என்னைத் தள்ளிவிட்டுச் சுவரோரம் போய்ச் சுருண்டுகொண்டாள். வலியைத் தணிக்கிறேன் என்று இன்னொரு வலியை அவள் வாய்க்குள் வைத்தவள் நான் என்பதை இப்போது நினைத்தாலும் மனம் கசங்குகிறது. சிறு குழந்தையின் வாயில் கிராம்புத் தைலத்தை நேராக வைக்காதீர்கள். எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் சிரப்பைக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் மருத்துவரிடம் அழைத்துப் போவதே சரி.

மறுநாள் பக்கத்திலேயே இருந்த ஒரு பல் மருத்துவமனைக்குப் போனோம். வழி முழுவதும் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்: ‘ஊசி போடுவாங்களாம்மா?’ நான் ஒவ்வொரு முறையும், ‘இல்ல சாமி, சும்மா பாத்துட்டு அனுப்பிடுவாங்க’ என்றே சொன்னேன். அங்கே கூட்டம் அதிகம். எங்கள் முறை வந்தபோது அவளைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார்கள், விளக்கைப் போட்டார்கள், என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ஊசியை எடுத்தார்கள். அவள் துள்ளினாள். ஒருவர் தலையைப் பிடித்தார், இன்னொருவர் கைகளைப் பிடித்தார். ‘கால பிடிங்கம்மா’ என்றதும் நான் காலைப் பிடித்துக்கொண்டேன். பாதி மருந்து ஏறியதோ இல்லையோ, அவள் வாயை இறுக மூடி, மருத்துவரின் விரலைக் கடித்து, மூத்திரம் போய்விட்டாள். ‘இந்தக் குழந்தைக்கு இப்ப ஒண்ணும் பண்ண முடியாது, அடம் குறைஞ்சதும் கூட்டிட்டு வாங்க’ என்று மாத்திரைச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். நனைந்த பாவாடையோடு அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் சொன்ன ஒரே வாக்கியம், ‘நீ பொய் சொன்ன’ என்பது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் வாய் திறக்கவில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷைக் கண்டாலே உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். வலி வந்தபோதும் எங்களிடம் சொல்லாமல் இடப்பக்கமாகவே மென்று சமாளித்தாள். சொன்னால் மறுபடியும் அங்கே கூட்டிப் போய்விடுவோம் என்று பயந்திருக்கிறாள்.

அந்த மூன்று வாரத்தில்தான் அவளுடைய பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். பிறக்கும்போது எந்தக் குழந்தையும் பல் மருத்துவரைக் கண்டு அஞ்சிப் பிறப்பதில்லை. சாப்பிடாவிட்டால் ஊசி, தூங்காவிட்டால் ஊசி, அடம் பிடித்தால் டாக்டர் மாமாவைக் கூப்பிட்டு ஊசி என்று எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம்! அவளுடைய அப்பா சொல்வார், ஆயா சொல்வார், எல்லோரையும்விட அதிகமாக நான் சொல்லியிருக்கிறேன். மருத்துவரைத் தண்டனை கொடுப்பவராக மூன்று ஆண்டுகள் காட்டிவிட்டு, ஒரு காலைப் பொழுதில் அவரே நல்லவர், நம்பிப் படுத்துக்கொள் என்றால் குழந்தை எப்படி நம்பும்? அதோடு, நேராகக் கேட்ட கேள்விக்கு நான் பொய் சொல்லியும் விட்டேன். வாயில் இருந்த சொத்தையைவிட இதைச் சரிசெய்வதே கடினமாக இருக்கும் என்று அப்போது எனக்குப் புரிந்தது. இனி ஊசி என்ற சொல்லை மிரட்டலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். மாமியார் முதலில் சிரித்தார். பிறகு அவரும் நிறுத்திவிட்டார்.

உடன் வேலை செய்யும் ஒருவர் சொல்லித்தான், குழந்தைகளுக்கென்றே தனியாகப் படித்த பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்று அறிந்தேன். பல் மருத்துவம் படித்து முடித்த பிறகு குழந்தைப் பல் மருத்துவத்துக்கென மேலும் மூன்று ஆண்டுகள் படித்தவர்கள் அவர்கள். எங்களுக்குக் கிடைத்தவர் சேலத்தில் இருந்தார். தொலைபேசியில் பேசியபோது, அவர் முதலில் கேட்டது கன்னத்தில் வீக்கம் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்பது. இரண்டில் எது இருந்தாலும் தாமதிக்காமல் அன்றே வந்துவிட வேண்டும், அப்போது குழந்தையின் பயம் தெளியும் வரை காத்திருக்க முடியாது என்றார். எங்கள் நல்வாய்ப்பாக இரண்டும் இல்லை. பிறகு முந்தைய மருத்துவமனையில் நடந்ததை முழுதாகக் கேட்டுக்கொண்டு, ‘காலையில முதல் ஆளா வாங்க. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுக் களைச்சுப் போன குழந்தைய கூட்டிட்டு வராதீங்க. வெறும் வயித்தோடவும் வேண்டாம்’ என்றார். ‘என்ன பண்ணுவாங்கன்னு கேட்டா என்ன சொல்றது?’ என்று கேட்டேன். ‘தெரிஞ்சத சொல்லுங்க. தெரியாதத, டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்னு சொல்லுங்க. வலிக்காதுன்னு மட்டும் நீங்க வாக்கு கொடுக்காதீங்க’ என்றார்.

போவதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் ஒரு விளையாட்டை நடத்தினோம். பால் பற்கள் மொத்தம் 20. என் மகளுக்கு அப்போது தமிழில் இருபது வரை எண்ணத் தெரியும். கட்டிலில் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, பொம்மையின் வாயில் சின்ன எவர்சில்வர் ஸ்பூனின் காம்பை வைத்து முதலில் அவள் எண்ணுவாள். பிறகு என் பற்களை எண்ணுவாள். அதற்குப் பிறகு நான் அவளுடையதை எண்ண வேண்டும். முதல் நாள் மூன்று பல்லோடு வாயை மூடிக்கொண்டாள். நான்காம் நாள் பதினாறு வரை வந்தோம். பதினேழு என்றபோது ஸ்பூன் சொத்தைப் பல்லுக்கு அருகில் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ‘அங்க வேண்டாமா?’ என்றேன். தலையாட்டினாள். ஸ்பூனை எடுத்துவிட்டேன். மறுநாள் அவளாகவே, ‘பதினேழ நான் தொடுறேன், மத்தத நீ எண்ணு’ என்றாள். அந்தப் பல்லை அவள் விரலால் தொட்டுக்கொண்டாள், மீதியை நான் எண்ணி முடித்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தபோது நான் நிறுத்தினேன் என்பதே மறுநாள் அவளை அவ்வளவு தூரம் வர வைத்தது என்று நினைக்கிறேன்.

சேலத்தில் முதல் நாள் எந்தச் சிகிச்சையும் நடக்கவில்லை. தொப்பூர்க் கணவாய் தாண்டி இவ்வளவு தூரம் வந்து ஒன்றும் செய்யாமல் திரும்புவதா என்று என் கணவருக்கு வருத்தம். ஆனால் அன்றைக்கு நடந்ததே எல்லாவற்றுக்கும் அடித்தளம். மருத்துவர் தரையில் அவளுடைய உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, நாற்காலி எப்படி ஏறி இறங்கும் என்று பொத்தானை அவளையே அழுத்த விட்டார். பல்லில் படும் கண்ணாடியை முதலில் அவள் நகத்தில் தொட்டுக் காட்டினார். காற்றும் தண்ணீரும் பீச்சும் குழலை அவள் உள்ளங்கையில் பீச்சினார். எச்சிலை உறிஞ்சும் குழாய் ஒரு தம்ளர் தண்ணீரை உறிஞ்சிக் குடிப்பதைக் காட்டினார். அவள் மிகவும் அஞ்சியது சுழலும் கருவியின் கீச்சென்ற ஒலியை. அதைத் தொலைவில் ஓட விட்டு, பிறகு அருகில் ஓட விட்டு, ‘இது கத்துற சத்தம் மட்டும்தான் பெருசு’ என்று சொன்னார். முதலில் சொல், பிறகு காட்டு, அதன்பின் சொன்னதையும் காட்டியதையும் மட்டுமே செய் என்னும் இந்த முறையை 1959இல் ஆடில்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் எழுதி வைத்தாராம். இன்றைக்கும் குழந்தைப் பல் மருத்துவம் படிப்பவர்கள் முதலில் கற்பது இதைத்தான் என்றார்.

பிறகு அந்த ஒப்பந்தத்தைச் செய்துகொண்டார்கள். ‘பாப்பா, உனக்கு நிறுத்தணும்னு தோணுச்சுன்னா இடது கையத் தூக்கு. வலிச்சாலும் தூக்கலாம், எச்சில் முழுங்கணும்னாலும் தூக்கலாம், சும்மாவும் தூக்கலாம். நீ தூக்குனா நான் நிறுத்திடுவேன்’ என்றார். அன்று பற்களை எண்ணிக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில் அவள் ஏழு முறை கையைத் தூக்கினாள். ஏழு முறையும் அவர் கண்ணாடியை வெளியே எடுத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்குப் பொறுமை போய், ‘சும்மா தூக்காத சாமி’ என்று சொல்ல வாயெடுத்தேன். மருத்துவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். உண்மையிலேயே நிறுத்துகிறாரா என்று அவள் பரிசோதிக்கிறாள் என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. அடுத்த முறை அது மூன்றாகக் குறைந்தது.

அன்றைக்கு எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. நாற்காலிக்கு அருகில் நின்றுகொண்டு நான் இடைவிடாமல், ‘ஒண்ணும் ஆகாது, பயப்படாத, பயப்படாத’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் மருத்துவர், ‘நீங்க பயப்படாதன்னு சொல்றப்பதான், பயப்படுற மாதிரி ஏதோ இருக்குன்னு அவளுக்குத் தெரியுது. நீங்க பக்கத்துல உக்காந்து அவ காலு மேல கைய வச்சுக்கங்க, போதும். பேசுறத நான் பேசிக்கிறேன்’ என்றார். நான் சிறுமியாக இருந்தபோது பல் பிடுங்கிய நினைவு என் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்ததை அவர் என் குரலிலேயே கண்டுகொண்டிருக்க வேண்டும். குழந்தையின் கால்மேல் கை வைக்கச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. முன்பு இதே கால்களை நான் எதற்காகப் பிடித்திருந்தேன் என்பது அவருக்கும் தெரியும்.

எக்ஸ்ரே எடுத்தபோது நல்லதொன்று நடந்தது. படத்தில், சொத்தைப் பல்லின் இரண்டு வேர்களுக்கு நடுவே, எலும்புக்குள் இன்னும் முளைக்காத ஒரு பல் மொட்டுப்போல இருந்தது. ‘இது யாரு?’ என்று மகள் கேட்டாள். ‘உன்னோட பெரிய பல்லு. பத்து வயசு வரைக்கும் இங்கதான் தூங்கும். மேல இருக்கிற பல்லுல சீழ் பிடிச்சா அது கீழ இறங்கி இதையும் கெடுத்துடும். அதனாலதான் மேல் பல்லச் சரி பண்றோம்’ என்று மருத்துவர் சொன்னார். அன்று மாலை வீட்டுக்கு வந்து ஆயாவிடம் அவளே விளக்கம் சொன்னாள். விழுகிற பல்லுக்கு எதற்குச் செலவு என்ற பேச்சு எங்கள் வீட்டில் அத்தோடு நின்றது.

மொத்தம் ஐந்து பற்களில் சொத்தை. மிக எளிதானதிலிருந்து தொடங்கி, ஊசி தேவைப்படுவதைக் கடைசியாக வைத்துக்கொண்டார்கள். வலித்த பல்லில் இருந்த மெத்தென்ற சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டியெடுத்து, மருந்துச் சிமெண்ட்டைத் தற்காலிகமாக வைத்து அடைத்ததில் இரவு வலி முதலில் அடங்கியது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டில் தொடங்கியிருந்த சொத்தைக்கு வெள்ளி கலந்த ஃபுளூரைடு மருந்து ஒன்றைத் தூரிகையால் தடவினார்கள். ஊசி இல்லை, ராவுதல் இல்லை. ஒரு நிமிட வேலை. ஆனால் சொத்தையான இடம் நிரந்தரமாகக் கறுத்துப்போகும் என்று முன்கூட்டியே படம் காட்டிச் சொல்லி, என் சம்மதத்தைக் கேட்டார். முன்பல்லில் கறுப்பு விழுவது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இரண்டு வருடத்தில் விழப்போகும் பற்கள் அவை; குழந்தையின் நிம்மதி எனக்குப் பெரிதாகப் பட்டதால் சம்மதித்தேன். மாமன் மகள் திருமணத்தில் எத்தனையோ பேர் கேட்டார்கள். பதில் சொல்லிக்கொண்டேன்.

இடப்பக்கக் கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கும் எவர்சில்வர் கேப் போட்டார்கள். பற்களுக்கு நடுவே இடம் உண்டாக்குவதற்குச் சின்ன ரப்பர் வளையங்களைச் சில நாள் மாட்டி வைத்து, பிறகு பல்லை ராவாமல், மரக்கச் செய்யாமல், கேப்பை அப்படியே சிமெண்ட் வைத்துப் பொருத்தி அழுத்தினார்கள். உள்ளே இருக்கும் கிருமிகளுக்குச் சர்க்கரை போய்ச் சேராமல் அடைத்துவிட்டால் சொத்தை அங்கேயே நின்றுவிடும் என்பது அதன் கணக்கு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் கையாண்ட முறை என்பதால் அவர் பெயராலேயே அழைக்கிறார்களாம். கேப் கடிபடுவது ஓரிரு நாள் உயரமாகத் தெரியும், பிறகு பழகிவிடும் என்றார், அப்படியே ஆயிற்று. இது எல்லாப் பல்லுக்கும் ஆகாது. நரம்பு வரை போகாத சொத்தைக்குத்தான்.

நான்காம் முறை, வலித்த பல்லின் வேர் சிகிச்சை. அன்று காலை பேருந்தில் தொப்பூரில் குரங்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தவள் சட்டென்று திரும்பி, ‘இன்னிக்கு ஊசியா?’ என்று கேட்டாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ‘ஆமா சாமி, இன்னிக்கு இருக்குன்னு நினைக்கிறேன். எப்படி இருக்கும்னு டாக்டர்கிட்டயே கேப்போம்’ என்றேன். அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். சிறிது நேரம் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘கையத் தூக்குனா ஊசியையும் நிறுத்துவாங்களா?’ என்றாள். அதையும் கேட்போம் என்றேன்.

அவளே கேட்டாள். மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. ‘ஊசிதான். முதல்ல ஈறுல பழ வாசனை வர்ற ஒரு களிம்பு தடவுவேன், அந்த இடம் மரத்துப் போயிடும். அப்புறம் எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குனு ஒண்ணு தெரியும், நான் பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும். ஊசி உள்ள இருக்கிறப்ப கையைத் தூக்குனா மெதுவா வெளிய எடுத்துடுவேன், ஆனா மறுபடி போட வேண்டி வரும். அதனால பத்து வரைக்கும் பாக்கிறியா?’ என்றார். என் கை அவள் முழங்காலில் இருந்தது. ஐந்தில் அவள் பாத விரல்கள் சுருங்குவதை உணர்ந்தேன். ஏழில் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. இடது கை நாற்காலியின் கைப்பிடியிலிருந்து இரண்டு விரற்கடை உயர்ந்து, அப்படியே நின்று, மீண்டும் இறங்கியது. பத்து. அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் அவள் வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

சிகிச்சை முடிந்ததும் ரப்பர் கையுறையை ஊதிப் பொம்மை செய்து கொடுத்தார்கள். வரும் வழியில் சாக்லெட் வாங்கித் தருகிறேன் என்று முன்கூட்டியே பேரம் பேசி அழைத்துப் போகாதீர்கள் என்பதும் அவர் சொன்னதுதான். பெரிய பரிசு என்றால் பெரிய ஆபத்து காத்திருக்கிறது என்று குழந்தைக்குத் தோன்றிவிடுகிறது. இன்னொன்று: மரத்துப்போன உதட்டைக் குழந்தைகள் விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். இரண்டு மூன்று மணி நேரம் உணர்வு திரும்பும் வரை உணவு கொடுக்காமல், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பேருந்தில் நான் வீடு வரும் வரை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எல்லாக் குழந்தைக்கும் இப்படி நாற்காலியிலேயே முடிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு வயது, மூன்று வயதில் பத்துப் பற்கள் சொத்தையான குழந்தைகளையும் அங்கே பார்த்தேன். அவர்களில் சிலருக்கு மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவரை வைத்து, முழு மயக்கத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்கிறார்கள். அதற்கு ஒப்புக்கொண்ட ஒரு தாய், உறவினர்கள் தன்னை வைது தீர்த்ததாக என்னிடம் சொல்லி அழுதார். பத்து முறை கை காலைப் பிடித்து அழுத்திச் செய்வதைவிட அது அந்தக் குழந்தைக்கு எவ்வளவோ மேல்.

சொத்தை எப்படி வந்தது என்ற கேள்விக்கும் பதில் எங்கள் வீட்டிலேயே இருந்தது. இரண்டரை வயது வரை சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் குடித்தபடியே தூங்குவாள். தூக்கத்தில் எச்சில் குறைவாக ஊறுவதால் அந்தப் பால் இரவு முழுவதும் பல்லிலேயே தங்கியிருக்கிறது. அது நின்ற பிறகு, டீயில் நனைத்த பொறை, பிஸ்கட் என்று நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் பழக்கம். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே பல்லைக் கெடுக்கிறது. ஒவ்வொரு முறையும் கிருமிகள் அமிலத்தைச் சுரக்க, எச்சில் அதைச் சரிக்கட்டுவதற்குள் அடுத்த பிஸ்கட் வந்துவிடுகிறது. இப்போது இனிப்பு சாப்பாட்டோடு மட்டும்தான். இடையில் பசித்தால் வேர்க்கடலை, கொய்யா, கேழ்வரகு அடை.

இரவு படுக்கும் முன் பல் துலக்கிவிடுவது என் வேலை. ஏழெட்டு வயது வரை குழந்தை தானாகத் துலக்கியது போதாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஃபுளூரைடு உள்ள பேஸ்ட்டைக் கொடுக்க எங்கள் ஊரில் எல்லோருக்கும் தயக்கம். தண்ணீரில் வந்து பல்லைக் கெடுத்த அதே பொருளைக் காசு கொடுத்து வாங்குவதா என்று என் மாமியார் கேட்டார். மருத்துவரும் எந்தத் தண்ணீர் குடிக்கிறோம் என்று விசாரித்தார். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், புழங்க மட்டும் போர் தண்ணீர் என்றதும், பட்டாணி அளவுக்கு மேல் வைக்காமல், விழுங்க விடாமல் துப்பச் சொல்லிப் பயன்படுத்துங்கள் என்றார். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் ஓர் அரிசி அளவுதான். துப்பிய பிறகு வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கவும் வேண்டாமாம்.

இந்த ஆடியில், கீழ்வரிசையில் கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால் புதிதாக ஒரு பல் முழுதாக வெளியே வந்திருந்தது. எந்தப் பல்லும் விழாமல் ஆறு வயதை ஒட்டி முளைப்பதால் இதையும் பால் பல் என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய முதல் கடைவாய்ப் பல் அது. அதன் மேற்புறப் பள்ளங்களில் சொத்தை பிடிக்காமல் இருக்க ஒரு மெல்லிய பூச்சு வைத்து அடைப்பதற்காகச் சேலம் போனோம். பல் துளியும் ஈரமில்லாமல் உலர்ந்திருந்தால்தான் அந்தப் பூச்சு ஒட்டும். மருத்துவர் கழுவி, காற்றடித்து, பஞ்சுருளைகளை வைத்து, பூச்சை எடுத்த அந்த நொடியில் என் மகள் இடது கையைத் தூக்கினாள். எச்சிலை விழுங்க வேண்டுமாம். மருத்துவர் பூச்சைக் கீழே வைத்தார், பஞ்சை எடுத்தார். அவள் விழுங்கினாள். பல் நனைந்துவிட்டதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டியிருந்தது.